புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் காலமும் வினைநோக்கும்

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கொய்னே எனப்படும் பொதுக் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. அம்மொழியின் வினைவடிவம் ஒரு செயல் நடந்த காலத்தோடு, சொல்பவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் காட்டுகிறது. இந்தப் பார்வையே வினைநோக்கு. நற்செய்திக் கதைகளில் பல இடங்களில் பொருளைத் தீர்மானிப்பது இதுதான்.

லூக்கா 5:6இல் மீன்களின் பாரத்தால் வலைகள் கிழிகின்றன. அங்கே வருவது ‘தியெர்ரேஸ்ஸெட்டோ’ என்னும் தொடர் இறந்தகால வடிவம். வலை கிழிந்தே போயிருந்தால் மீன்கள் கடலுக்குள் திரும்பியிருக்கும். அடுத்த வசனத்தில் மற்றப் படகையும் அழைத்து இரண்டையும் நிரப்ப வழியிருந்திருக்காது. வலை கிழியத் தொடங்கியிருந்தது என்பதே பொருள். மத்தேயு 3:14இலும் அதே வடிவம்தான். திருமுழுக்குப் பெற வந்த இயேசுவை யோவான் தடுக்கவில்லை, தடுக்கப் பார்த்தார், மறுவசனத்திலேயே இணங்கிவிடுகிறார்.

அயோரிஸ்ட் என்ற வடிவம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அச்சொல்லுக்கு ‘வரையறுக்கப்படாதது’ என்று பொருள். ஆயினும் அது ஒரே கணத்தில், ஒரே முறை நடந்ததைக் குறிக்கும் என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதுண்டு. யோவான் 2:20 இதை மறுக்கிறது: ஆலயம் 46 ஆண்டுகளாகக் கட்டப்பட்டது என்ற பேச்சில் வரும் வினை அயோரிஸ்ட். செயல் நீண்டதா குறுகியதா என்று அது சொல்வதில்லை. முழுதாகத் திரட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. 1972இல் ஃபிராங்க் ஸ்டாக் எழுதிய கட்டுரை இந்தப் பிழையை விரிவாக எடுத்துக்காட்டியது.

யோவான் 19:30இல் சிலுவையிலிருந்து இயேசு சொல்லும் ‘தெத்தெலெஸ்தாய்’ (‘முடிந்தது’) நிறைவுநிலை வடிவம். முடிந்த செயலின் பலன் நிலைத்து நிற்பதை அது உணர்த்தும். நிகழ்கால வடிவமும் எப்போதும் நிகழ்காலத்தைக் குறிப்பதில்லை: மாற்கு, நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை அடிக்கடி நிகழ்காலத்தில் சொல்கிறார். அதே நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது லூக்கா பெரும்பாலும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடுகிறார்.

கிரேக்க வினைவடிவங்கள் காலத்தையே குறிப்பதில்லை என்று 1989இல் ஸ்டான்லி போர்ட்டர் வாதிட்டார். ஒரு செய்தியை நேராகக் கூறும் வினைவடிவங்களில் காலமும் உண்டு என்பது 1990இல் வெளியான பியூயிஸ்ட் ஃபானிங்கின் நூலின் நிலைப்பாடு. கதைப் பகுதிகளுக்கு ஃபானிங் சொல்வதே பொருந்துகிறது.

‘கிழிந்தது’, ‘கிழிந்துகொண்டிருந்தது’, ‘கிழிந்திருக்கிறது’ என்று துணைவினைகளால் நோக்கை வேறுபடுத்தும் வசதி தமிழுக்கு உண்டு. இந்த வசதியுள்ள தமிழில், கிரேக்க மூலத்திலிருந்து சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது.