பூனைக்குப் பெயரிட்ட வரலாறு

பெயரிடுதல் மொழியின் முதற்பணிகளுள் ஒன்று. மக்கட்பெயர், ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் ஆகியன பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். வீட்டில் வளரும் பூனைக்கு மனிதர் பெயரிட்ட வரலாறு அத்துணைக் கவனம் பெறுவதில்லை. பொருள் சிறிதே எனினும், ஒரு சொல் எப்போது பெயராகிறது என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியுள்ளது. சொல்லோடு வாழும் கவிஞர்க்கு அவ்வினா புறம்பானதன்று.

தொல்காப்பியரின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பால் பெண்பாற் பெயர்களையும் வகுத்துரைக்கிறது. வெருகின் இளமைக்குக் குட்டி என்பது பெயர்; பறழ் எனினும் இழுக்கில்லை. வெருகைப் பூசை என வழங்குவதும் அவ்வியலில் சுட்டப்படுகிறது. கிளியைத் தத்தை என்பதும் பன்றியை ஏனம் என்பதும் அதனுடன் சேர்த்தே எண்ணப்படுகின்றன. இவை வழக்கில் உள்ளமையால் விலக்கத்தக்கன அல்ல என்பதே ஆசிரியர் காட்டும் காரணம். ஒரு பெயரை நிலைநிறுத்துவது அதனை வழங்குவோர் நாவே என்பது இதனால் பெறப்படும். அப்பூசையையே பின்னாளில் கம்பர் தம் அவையடக்கத்தில் எடுத்தாண்டார். பாற்கடலைப் பருகித் தீர்க்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார்.

எனினும் வெருகு, பூசை, பூனை என்பன இனம் முழுமைக்கும் உரிய பொதுப்பெயர்கள். ஓரினத்துள் ஒன்றை மட்டும் பிரித்து அழைப்பது சிறப்புப்பெயர். பொதுப்பெயர் சிறப்புப்பெயராக மாறிய பழைய நிகழ்ச்சி ஒன்றை எகிப்து நாட்டில் காணலாம்.

எகிப்தியர் பூனையை அதன் குரலொலி கொண்டே 'மியூ' என அழைத்தனர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப் மன்னரின் மூத்த மகன் துத்மோஸ். அவ்விளவரசன் தன் பூனை இறந்தபோது அதற்குச் சுண்ணாம்புக் கல்லில் ஈமப்பேழை செய்வித்தான். படையலின் முன் பூனை அமர்ந்திருக்கும் காட்சி அப்பேழையில் செதுக்கப்பட்டுள்ளது. அதில் பொறிக்கப்பட்ட பெயர் 'தா மியூ'. பெண்பூனை என்பதே அதன் பொருள். இளவரசன் புதுச்சொல் எதனையும் தேடவில்லை. எல்லாப் பூனைக்கும் உரிய சொல்லே, இழந்த ஒன்றை நினைந்து பொறிக்கப்பட்டபோது, அவ்வொன்றுக்கே உரிய பெயராயிற்று.

ஜப்பானிய அரண்மனையில் பெயரிடும் முறை வேறாக இருந்தது. பேரரசர் இச்சிஜோ காலத்தில், 999ஆம் ஆண்டில், அரண்மனைப் பூனை ஈன்ற குட்டிகளுக்கு மனிதக் குழந்தைக்குச் செய்வது போன்ற பிறப்புச் சடங்கு நிகழ்ந்தது. பேரரசர் பூனை ஒன்றுக்கு ஐந்தாம் நிலை அரசவைத் தகுதியளித்து 'மியோபு நோ ஓதோதோ' எனப் பெயரிட்டார். மியோபு என்பது அத்தகுதியுடைய அரசவை மகளிர்க்கு உரிய பட்டம்.

அரசியின் பணிமகளாக விளங்கிய எழுத்தாளர் சேய் ஷோனாகோன், தம் 'தலையணை நூலில்' அப்பூனையைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். முன்றிலில் வெயில் காய்ந்த பூனை, செவிலி அழைத்தும் உள்ளே வரவில்லை. அதனைக் கடிக்குமாறு ஒகினாமரோ என்னும் நாயை அவள் விளையாட்டாக ஏவினாள். நாய் மெய்யென்று கொண்டு பாய்ந்தது. பூனை அஞ்சி ஓடியது கண்டு சினந்த பேரரசர், நாயை அடித்துத் துரத்த ஆணையிட்டார். சில நாள் கழித்து, உடல் வீங்கிய நாய் ஒன்று வந்தது. ஒகினாமரோ எனப் பலர் அழைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒகினாமரோ இறந்துவிட்டதென்றே அனைவரும் கருதினர். மறுநாட்காலை சேய் ஷோனாகோன் அந்நாயைப் பார்த்தவாறே, அடிபட்ட ஒகினாமரோவை நினைந்து இரங்கிப் பேசினார். அப்பெயரைக் கேட்டதும் நாய் நடுங்கிக் கண்ணீர் உகுத்தது. பின்னர் அதற்கு மன்னிப்பும் கிடைத்தது.

பூனைக்கு அரசர் ஈந்த பெயர் பட்டமாக இருந்தது. அப்பட்டத்தின் பெருமைக்காக ஓர் எளிய உயிர் அடிபட்டது. நாயின் பெயரோ முதல்நாள் எழுப்பாத உணர்வை, மறுநாள் இரக்கத்தோடு ஒலித்தபோது எழுப்பிற்று. பெயரின் பொருள் எழுத்தில் மட்டும் இல்லை. அழைப்பவர் குரலிலும் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே நாட்டில், நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் இல்லத்தில் 1904ஆம் ஆண்டு தெருப்பூனை ஒன்று அடைக்கலம் புகுந்தது. 1905-06இல் வெளிவந்த 'நான் ஒரு பூனை' என்னும் அவர்தம் நாவல், பெயரில்லாத பூனையின் கூற்றாக அமைந்தது. வீட்டுப் பூனையும் இறுதிவரை பெயரின்றியே வாழ்ந்தது. 1908 செப்டம்பரில் அது இறந்தபோது, சோசெகி நண்பர்களுக்கு இறப்புச் செய்தி எழுதி அனுப்பினார். தோட்டத்தில் புதைத்து நினைவுக்குறியும் நாட்டினார். பெயரில்லாதது அன்பில்லாதது ஆகாது என்பதற்கு அவர் எழுதிய அஞ்சலட்டைகளே சான்று.

அயர்லாந்துத் துறவி ஒருவர் செய்ததோ இம்மூன்றினும் வேறானது. 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மடம் ஒன்றில் வாழ்ந்த அவர், தம் குறிப்பேட்டில் பழைய ஐரிஷ் மொழியில் எட்டுச் செய்யுள்களை எழுதினார். பூனை எலியைத் தேடுவதையும் தாம் பொருளைத் தேடுவதையும் ஒப்பிட்டுக் காட்டுவது அப்பாடல். பூனையின் பெயர் 'பாங்குர் பான்'. பான் என்பது வெண்மை. பாங்குர் என்பது, நெய்த கம்பளியைத் துவைத்துச் செப்பம் செய்யும் தொழிலாளியைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லோடு தொடர்புடையது என்பர். பூனையை உடைமையாகவோ அணியாகவோ கருதாமல், தம்மைப் போலவே ஒரு தொழிலுடைய தோழனாக அத்துறவி மதித்தார். தம்மைப் பூசையாகக் கண்ட கம்பரது பணிவும் இத்துறவியின் தோழமையும் ஒப்புநோக்கத்தக்கன.

அக்குறிப்பேடு இன்று ஆஸ்திரிய நாட்டுப் புனித பவுல் மடத்தில் உள்ளது. அப்பாடலை இயற்றிய துறவியின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர் அன்போடு அழைத்த பூனையின் பெயர் மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. பெயரை வாழ்விப்பது வழக்கே என்றார் தொல்காப்பியர். தம் பெயரை எழுதாது சென்ற ஒரு கவிஞர், தம் அறைத்தோழனின் பெயரை அவ்வழக்கினுள் சேர்த்துவிட்டார்.