சைக்கிள் உண்மையிலேயே பசுமை வண்டியா? ஆனையூர் டு பெரியார்... ஒரு இட்லிக் கணக்கு!

காலை 8.30 மணி. ஆனையூரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். வாசலில் மூன்று வண்டி நிற்கிறது என்று வெச்சுக்குவோம். அப்பாவின் கார், உங்கள் பைக், தங்கை பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூலில் கொடுத்த சைக்கிள். இதில் எது சுற்றுச்சூழலுக்கு நல்லது?

யோசிக்காமல் சைக்கிளைக் கை காட்டுவோம். புகை இல்லை, சத்தம் இல்லை, பெட்ரோல் இல்லை. ஆனால், நண்பர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருத்தர் கண்டிப்பாக மடக்குவார். "சைக்கிள் மிதிச்சா பசிக்கும்ல? எக்ஸ்ட்ராவா சாப்பிடுவல்ல? அந்தச் சாப்பாட்டை விளைவிக்க டிராக்டர், உரம், லாரி எல்லாம் வேணும்ல?"

கேலியாகத் தெரிந்தாலும் கேள்வி நியாயமானதுதான். வாங்க, கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

முதலில் பெட்ரோல் கணக்கு

ஆனையூரிலிருந்து தத்தனேரி வழியாக வைகையைத் தாண்டி பெரியாருக்குச் சுமார் 6 கி.மீ. எந்தத் தெருவிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். போக வர 12 கி.மீ. என்று எடுத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் பைக் என்றால், கிலோமீட்டருக்கு 46 கிராம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் என்றால் 153 கிராம். இது சைலன்சரில் வருவது மட்டும்தான். கச்சா எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதையும் சேர்த்தால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அப்போது பைக் 55, கார் 180-ஐத் தாண்டிவிடும்.

காரின் பிரச்னை அதன் எடை. 65 கிலோ ஆளை ஆபீசுக்குக் கொண்டுபோக, ஏறக்குறைய 1,000 கிலோ இரும்பையும் சேர்த்து இழுக்கிறது. 12 கி.மீ.க்கு அது குடிக்கும் பெட்ரோலை உணவு மாதிரி கலோரியில் சொன்னால் சுமார் 6,500. அதே தூரத்தை சைக்கிளில் மிதிக்க உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 260 கலோரி. 25-ல் ஒரு பங்கு!

சைக்கிளுக்கும் பெட்ரோல் உண்டு... அது இட்லி!

அந்த 260 கலோரிக்கு நான்கு இட்லி போதும். அரிசி, உளுந்து எனச் சுமார் 75 கிராம் தானியம். இங்கேதான் ஒரு ட்விஸ்ட். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளியேறுகிறது. அதனால் மற்ற தானியங்களைவிட அரிசியின் கார்பன் கணக்கு அதிகம். 2018-ல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரி சுமார் 4.5 கிலோ. கோதுமைக்கு 1.6 கிலோதான்.

இதை வைத்துப் பார்த்தால், இட்லியில் ஓடும் சைக்கிளுக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் வருகிறது. சைக்கிளைத் தயாரிக்க ஆகும் 5 கிராமைச் சேர்த்தால் 29. ஐரோப்பிய சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பு 2011-ல் போட்ட கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. உணவுக்கு 16, தயாரிப்புக்கு 5, மொத்தம் 21 கிராம்.

ஆக, சைக்கிள் 'ஜீரோ' இல்லை. காரோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு. பைக்கோடு ஒப்பிட்டால் பாதி. பைக்கில் இரண்டு பேர் போனால்? தலைக்கு 27 கிராம். சைக்கிளுக்குச் சமமாக வந்து நின்றுவிடுகிறது! 'சைக்கிளா, காரா' என்ற வெளிநாட்டுக் கேள்வியை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாது என்பது இதனால்தான். நம் ஊரில் நிஜமான போட்டி பைக்கோடுதான்.

மட்டன் சுக்காவில் மிதித்தால்..?

மதுரைக்காரர்களிடம் இதைச் சொல்லாமல் போக முடியாது. அதே ஆய்வில் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு உலக சராசரி ஏறக்குறைய 40 கிலோ. 260 கலோரிக்குச் சுமார் 100 கிராம் கறி வேண்டும். அதாவது 4 கிலோ கார்பன். கிலோமீட்டருக்கு 330 கிராம்! காரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

இங்கிலாந்தின் மைக் பெர்னர்ஸ்-லீ 2010-ல் எழுதிய புத்தகத்தில் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. வாழைப்பழத்தின் தெம்பில் ஒரு மைல் மிதித்தால் 65 கிராம், சீஸ் பர்கரின் தெம்பில் மிதித்தால் 260 கிராம், விமானத்தில் வந்திறங்கிய ஒரு காய்கறியைத் தின்று மிதித்தால் 2.8 கிலோ என்கிறார் அவர். வண்டி ஒன்றுதான். வித்தியாசம் தட்டில்!

சரி, நிஜத்தில் கூடுதலாகச் சாப்பிடுகிறோமா?

இதுதான் முக்கியமான கேள்வி. மேலே போட்ட கணக்கெல்லாம், மிதிக்கும் ஒவ்வொரு கலோரிக்கும் நாம் தனியாகச் சாப்பிடுகிறோம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நம்மில் பலர் அப்படி இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்து, தேவைக்கு மேல் சாப்பிட்டு, அதைக் கரைக்க சாயங்காலம் பைக்கில் ஜிம்முக்குப் போய், அங்கே நகராத சைக்கிளை 40 நிமிடம் மிதிக்கிறோம். அந்த 40 நிமிடத்தை ஆபீஸ் போகிற வழியிலேயே மிதித்தால், கூடுதல் இட்லியும் இல்லை, ஜிம்முக்குப் போகும் பெட்ரோலும் இல்லை. கணக்கு 5 கிராமுக்கு இறங்கிவிடும்.

அதேசமயம், கட்டட வேலைக்கும் பால் ஊற்றுவதற்கும் தினமும் 20 கி.மீ. மிதிப்பவருக்கு உணவுக் கணக்கு நிஜம். ஆனால் அவர் பழைய சோறும் சாம்பாரும் சாப்பிடுகிறவர். காரில் போகிறவர் அவரிடம் "நீயும்தான் மாசு பண்றே" என்று சொல்வதற்கு இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது நியாயமே இல்லை.

இன்னும் விசித்திரமான வாதம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர் கார்ல் உல்ரிச், 2006-ல் எழுதிய கட்டுரையில், 'சைக்கிள் ஓட்டுபவர்கள் அதிக நாள் வாழ்வார்கள், வாழும் நாளெல்லாம் ஆற்றலைச் செலவழிப்பார்கள், எனவே மிச்சமான பெட்ரோல் அதிலேயே போய்விடும்' என்றார். கணக்காகப் பார்த்தால் சரி. அதற்காகச் சீக்கிரம் செத்துப்போவதையா பசுமை என்று சொல்ல முடியும்?

மாடிப்படிக்கு அடியில் தூங்கும் சைக்கிள்

தயாரிப்புக்கு 5 கிராம் என்று பார்த்தோம் இல்லையா? அது சைக்கிளை வருடத்துக்கு 2,400 கி.மீ. வீதம் 8 வருடம் ஓட்டினால் வரும் கணக்கு. ஒரு சைக்கிளைச் செய்ய மொத்தம் சுமார் 96 கிலோ கார்பன் செலவாகிறது. புத்தாண்டு சபதத்தில் 25,000 ரூபாய்க்கு கியர் சைக்கிள் வாங்கி, 200 கி.மீ. ஓட்டிவிட்டு, அதில் துண்டு காயப்போட்டால்? கிலோமீட்டருக்கு 480 கிராம். காரைவிட மூன்று மடங்கு மோசம்.

அதனால் புதுசு வாங்கும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு எனத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம். எத்தனையோ வீடுகளில் அந்த சைக்கிள் இன்னும் நிற்கிறது. டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடும். அதன் 'தயாரிப்புக் கடன்' ஏற்கெனவே ஆகிப்போன செலவு. இனி ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம்தான்.

பஸ், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம்?

50 பேரோடு போகும் டவுன் பஸ்ஸில் தலைக்கு 12 கிராம் அளவில்தான் வரும். இட்லி சைக்கிளைவிடக் குறைவு! தவிர, நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த பஸ் போகத்தான் போகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு 30 வாட் ஹவர் மின்சாரம் எடுத்தால், நிலக்கரி அதிகமாக எரியும் நம் நாட்டு மின்சாரக் கணக்கில் சுமார் 21 கிராம். பேட்டரி தயாரிப்பு தனி.

எனவே, சைக்கிள் பசுமையா என்பதைவிட, 'எதை நிறுத்திவிட்டு சைக்கிளை எடுக்கிறீர்கள்' என்பதுதான் சரியான கேள்வி. தனியாகப் போகும் காருக்குப் பதில் என்றால் பெரிய லாபம். பைக்குக்குப் பதில் என்றால் நல்ல லாபம். டவுன் பஸ்ஸுக்குப் பதில் என்றால் உடம்புக்கும் உங்கள் நேரத்துக்கும் லாபம், பூமிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிளை காரில் ஏற்றிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டில் ஓட்டினால், அது பொழுதுபோக்கு. தப்பில்லை, ஆனால் பசுமை என்று ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம்.

உயிர் பயம் வேண்டாமா?

வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் மட்டும் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். நெதர்லாந்தை வைத்து 2010-ல் வந்த ஓர் ஆய்வு, காரிலிருந்து சைக்கிளுக்கு மாறுபவருக்கு உடற்பயிற்சியால் ஆயுள் 3 முதல் 14 மாதம் கூடும், புகையைச் சுவாசிப்பதால் 0.8 முதல் 40 நாள் குறையும், விபத்து அபாயத்தால் 5 முதல் 9 நாள் குறையும் என்றது. ஆனால், அது சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட ஊர். தத்தனேரியில் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே மிதிப்பவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

2011-ல் ஆனையூர் நகராட்சி மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. அன்றிலிருந்து ஊர் வளர்கிறது, வீடுகள் பெருகுகின்றன, வண்டிகளும் பெருகுகின்றன. மேடு அதிகம் இல்லாத சமதளம், நகருக்குள் போக 6 கி.மீ. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. குறைவது பாதுகாப்பான ஓரமும் கொஞ்சம் நிழலும்தான். சாலையில் மிகக் குறைவாகப் புகைவிடுபவருக்கு அதே சாலையில் மிகக் குறைவாக இடம் இருப்பதுதான் இதில் உண்மையான அநியாயம்.

இது மாறாத விஷயமும் அல்ல. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். கார்பனுக்காக அல்ல, யாரையும் எதிர்பார்க்காமல் போய் வருவதற்காக.

அப்போ என்ன பண்ணலாம்?

* 3 கி.மீ.க்கு உட்பட்ட வேலைகளை முதலில் சைக்கிளுக்கு மாற்றுங்கள். இன்ஜின் சூடாவதற்குள் முடியும் குட்டிப் பயணங்களில்தான் வண்டி அதிகமாகப் புகை கக்கும், மைலேஜும் குறையும்.

* ஆபீசுக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் மிதிக்க வேண்டாம்.

* பின்னால் சிவப்பு லைட், தலையில் ஹெல்மெட். இருட்டில் இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

* தினமும் 12 கி.மீ., வருடத்துக்கு 300 நாள் பைக்கை நிறுத்தினால் 72 லிட்டர் பெட்ரோல் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 7,200 ரூபாய். கார்பன் 165 கிலோ. கார் என்றால் 240 லிட்டர், 24,000 ரூபாய், 552 கிலோ.

பெரிய முடிவெல்லாம் இன்றைக்கே எடுக்க வேண்டாம். இன்று சாயங்காலம் தெருமுனைக் கடைக்கு மாவு பாக்கெட் வாங்கப் போவீர்கள் இல்லையா? பைக் சாவியை எடுக்கும் முன், மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். போய் வர ஆகும் கலோரிக்கு, அந்த மாவில் ஒரு இட்லிகூடத் தேவைப்படாது!