தீவாந்தரம் சென்ற சிறுவன்

என் இளமையில், குச்சனூரில் முதியவர்கள் ஊரை விட்டுப் போய்த் திரும்பாத ஒருவனைப் பற்றிப் பேசினால், 'தீவாந்தரம் போனவன்' என்பார்கள். சொல்லின் பின்னால் ஒரு கொடிய தண்டனை இருந்தது. கைதியைக் கடல் கடத்தி, வேற்று மண்ணில் வைத்து வேலை வாங்குவதே தீவாந்தர சிட்சை. 1788 முதல் ஆங்கிலேயர் தம் நாட்டுக் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். நம் நாட்டவருக்கோ, அந்தமானுக்கு முன்னரே, பினாங்குத் தீவு வாய்த்தது. 1786-இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற அத்தீவுக்கு, வேல்ஸ் இளவரசர் தீவு என்று கும்பினியார் பெயரிட்டிருந்தனர். அங்கே காடு திருத்தவும் சாலை போடவும் ஆள் வேண்டியிருந்தது. தண்டனையும் ஆயிற்று, கூலிச் செலவும் மிச்சமாயிற்று. வணிகர் ஆட்சியில் இத்தகைய கணக்கு வியப்புக்குரியதன்று.

அத்தீவுக்குச் சென்றவர்களுள் ஒரு சிறுவனைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். அவன் பெயர் துரைச்சாமி. சிவகங்கைச் சீமையின் சின்ன மருது அவனுடைய தந்தை.

சிவகங்கை எங்கே, நம் கம்பம் பள்ளத்தாக்கு எங்கே என்று மாணவர்கள் கேட்கலாம். அக்காலத்தில் நம் பள்ளத்தாக்கு திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து அச்சீமை கும்பினியாரின் கைக்கு மாறியது. அங்கே விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கிளர்ச்சிக்கு ஆள் திரட்டினார். மருது சகோதரர்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 1801 ஜூன் மாதம் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடு பாராமல் அனைவரையும் அந்நியருக்கு எதிராக எழுமாறு அது அழைத்தது. அவ்வாண்டே காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர்; அவர்கள் குடும்பத்து ஆண்மக்கள் பலருக்கும் அதே முடிவு நேர்ந்தது.

துரைச்சாமிக்கு அப்போது வயது ஏறத்தாழ 15. இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு மாணவன். அவனுடைய உயிரை மட்டும் விட்டுவைத்து, தீவாந்தரம் விதித்தனர். இன்னாருடைய மகன் என்பதைத் தவிர வேறு குற்றம் அவனிடம் எனக்குத் தென்படவில்லை.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பல் புறப்பட்டது. சிவகங்கை அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட 70-க்கும் மேற்பட்டோர் அதில் கைதிகளாகச் சென்றனர். துரைச்சாமியும் அவர்களோடு இருந்தான். பினாங்கு சேர இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று.

இனி வேறொருவரை நான் அறிமுகம் செய்ய வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1795-ஆம் ஆண்டளவில் மதுரையில் இருந்தார். சின்ன மருதுவோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. ஈட்டி எறியவும் வளைதடி வீசவும் அவருக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே. நல்ல அரிசியும் பழங்களும் அனுப்புவாராம். அவற்றுள் ஒருவகை ஆரஞ்சை வெல்ஷ் தனியே நினைவுகூர்கிறார். சிறுவயலில் அவருடைய மாளிகைக்குக் காவலே இல்லை, யாரும் தடையின்றிப் போய் வரலாம் என்றும் வியந்து எழுதுகிறார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், அதே நண்பரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். அவர் அதை மறைக்கவுமில்லை.

1818-இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றார். தளர்ந்து உருக்குலைந்த முதியவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்குப் புலப்படவில்லை. பெயர் கேட்டார். துரைச்சாமி என்று விடை வந்தது. அப்பெயர் தம் நெஞ்சைத் துளைத்தது என்கிறார் வெல்ஷ்.

கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த 'முதியவரின்' வயது அன்று முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும்.

வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் 1830-இல் இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. கல்லூரி நூலகங்களில் கிடைக்குமாயின், மருதுவைப் பற்றிய பக்கங்களை மாணவர்கள் தாமே படித்துப் பார்க்கலாம்.