கரண்ட் போனா என்னடா பண்ணுவான்?

2008 செப்டம்பர் 28, ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் அஞ்சரை மணி. டிவி முன்னாடி நான் ஆணி அடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஃபார்முலா ஒன் வரலாற்றுலேயே முதல் ராத்திரி ரேஸ், சிங்கப்பூர்ல. நமக்கு அஞ்சரைன்னா அங்கே ராத்திரி எட்டு மணி. எங்க சித்தப்பா வேற வேலையா வீட்டுக்கு வந்தவர், காபி டம்ளரோட பக்கத்துல வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கார். திருவிழா, கல்யாணம், ராத்திரி கபடி எல்லாத்துக்கும் மைக் செட், ஃபோகஸ் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடறதுதான் தொழில். கார் ரேஸ்ல ஆர்வம் சுத்தமா கிடையாது. பத்து நிமிஷம் பார்த்தார். காரைப் பார்க்கலை, லைட்டைப் பார்த்திருக்கார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி:

"கரண்ட் போனா என்னடா பண்ணுவான்?"

நான் சிரிச்சேன். எங்க ஊர்ல தினம் கரண்ட் கட் ஆகிட்டிருந்த காலம் அது. "அது சிங்கப்பூர் சித்தப்பா, அங்கெல்லாம் போகாது"ன்னேன்.

"ஊர் எதுவா இருந்தா என்னடா? மெட்டல் ஹாலைடு ஒரு நொடி அணைஞ்சா திரும்ப எரிய பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் இவன் எங்கே போய் முட்டுவான்?"

எனக்குப் பதில் தெரியலை. அன்னைக்கு ஆரம்பிச்ச கேள்விதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடணும். ராத்திரியில கார் ஓட்டிப் பந்தயம் விடறது புதுசே இல்லை. பிரான்ஸ்ல லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923லேயே ஆரம்பிச்சாச்சு. அங்கே வெளிச்சம் காரோட சொந்தச் செலவு, அதாவது ஹெட்லைட். 1927ல மெய்சான் ப்ளான்ஷ்ங்கிற வளைவுல பொழுது சாயுற நேரத்துல ஒரு பெரிய மோதல். ஒரு கார் குறுக்கே நிக்க, பின்னால வந்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. சாமி டேவிஸ் ஓட்டின பென்ட்லியும் அதுல மாட்டினதுதான். ஆனா ஒரு ஹெட்லைட் நொறுங்கின அந்தக் காரையே ஒப்பேத்திக் கட்டி, அவரும் பெஞ்ஜஃபீல்டும் மாத்தி மாத்தி ஓட்டி, மறுநாள் ஜெயிச்சுட்டாங்க. ஹெட்லைட் உள்ள பந்தயத்துல ஒரு விளக்கு போனா ஒரு காருக்குத்தான் கஷ்டம். ஃபார்முலா ஒன் காருக்கு ஹெட்லைட்டே கிடையாது. பாதையில விளக்கு போச்சுன்னா இருபது பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணைக் கட்டின மாதிரி.

ஹெட்லைட் இல்லாத வண்டிக்கு மைதானத்துல விளக்கு போட்டு ஓட்டறதை வளர்த்து விட்டவங்க அமெரிக்காக்காரங்க. சின்னச் சின்ன மண் தடங்கள்ல அது ரொம்ப காலமா நடக்குது. பிரிஸ்டல்ங்கிற அரை மைல் வளையத்துல நாஸ்கார் 1978லேயே ராத்திரி பந்தயம் நடத்திச்சு. அரை மைலுக்கு கிரிக்கெட் ஸ்டேடியம் மாதிரி உயரமா கம்பம் நட்டா போதும், சமாளிச்சுடலாம். பாதை பெருசாகும்போதுதான் தலைவலி. ஷார்லட் வளையம் ஒன்றரை மைல். சுத்தி கம்பம் நட்டா பார்க்க வந்தவனுக்குக் கம்பம் மறைக்கும், ஓட்டறவனுக்குக் கண்ணு கூசும். அதுக்கு மஸ்கோங்கிற விளக்கு கம்பெனி ஒரு வழி கண்டுபிடிச்சது. விளக்கை வளையத்துக்கு உள்பக்கம் தாழ்வா வச்சு, கண்ணாடியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைப் பாதை மேல விழ வச்சாங்க. 1992 மே 16 ராத்திரி அங்கே நடந்த முதல் பந்தயத்துல டேவி அலிசன் கோட்டைத் தாண்டி ஜெயிச்ச அதே நொடியில கைல் பெட்டி காரோட இடிபட்டு சுவத்துல மோதினார். வெற்றி விழா மேடைக்குப் போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். விளக்கு மேல யாரும் குறை சொல்லலை.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே ஏன் ராத்திரி? வெயிலுக்குப் பயந்துன்னு நினைச்சேன். வெயிலும் ஒரு காரணம்தான், ஆனா பெரிய காரணம் ஐரோப்பிய டிவி. சிங்கப்பூர்ல ராத்திரி எட்டு மணின்னா ஜெர்மனியில, இத்தாலியில மத்தியானம் ரெண்டு. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு சோபாவுல சாயுற நேரம். பெர்னி எக்லஸ்டோன் கணக்கு எப்பவும் அப்படித்தான் :-)

ஆனா இது வளையம் இல்லை. ஊர் ரோடு. அஞ்சு கிலோமீட்டருக்கு மேல, பாலம், திருப்பம், மரம் எல்லாம் கலந்தது. கம்பம் நட்டு நிரந்தரமா வைக்கவும் முடியாது, ரேஸ் முடிஞ்சா மறுபடி பஸ் ஓடணும். வலேரியோ மயோலிங்கிற இத்தாலிக்காரரோட குழு இந்த வேலையை எடுத்துச்சு. பாதை ஓரமா அலுமினிய சட்டம் கட்டி, தரையிலிருந்து சுமார் பத்து மீட்டர் உயரத்துல வரிசையா சுமார் 1500 விளக்கு, ஒவ்வொண்ணும் 2000 வாட். நூறு கிலோமீட்டருக்கு மேல கேபிள். மொத்தம் முப்பது லட்சம் வாட்டுக்கு மேல. பழைய நாப்பது வாட் ட்யூப் லைட்டா மாத்திக் கணக்குப் போட்டா எழுபத்தஞ்சாயிரத்தைத் தாண்டுது.

வெளிச்சம் நிறைய இருந்தா போதும்னு நாம நினைப்போம். இல்லைங்க, சமமா இருக்கணும். அங்கேதான் வேலையே. முன்னூறு கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 83 மீட்டர். நாலு மீட்டருக்கு ஒரு விளக்குன்னு வச்சுக்குங்க, நொடிக்கு இருபது விளக்கைத் தாண்டிப் போறான். ஒரு விளக்கோட வட்டமும் அடுத்த விளக்கோட வட்டமும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நடுவுல இருட்டுப் பட்டை விழுந்துச்சுன்னா, ஓட்டறவன் கண்ணுல நொடிக்கு இருபது தடவை பளிச் பளிச்சுன்னு அடிக்கும். டிஸ்கோதான். அதனால ஒண்ணு மேல ஒண்ணு வெளிச்சம் விழுற மாதிரி ஒவ்வொரு விளக்கையும் கோணம் பார்த்துத் திருப்பணும். அதுவும் கார் போற திசையைப் பார்த்து. எதிரே அடிச்சா கண் கூசும். ஒரே பக்கமிருந்து அடிச்சா காரோட நிழல் நீளமா விழுந்து, பக்கத்துல வர்றவனுக்கு அது காரா நிழலான்னு குழப்பம்.

இன்னொரு வில்லங்கம், நம்ம கரண்ட் ஏசி கரண்ட். நம்ம மாதிரி 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல இந்த மாதிரி விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷன் கேமராவுக்குத் தெரிஞ்சுடும். அதைச் சமாளிக்கப் பக்கத்துப் பக்கத்து விளக்கை வேற வேற ஃபேஸ்ல கொடுக்கறது ஒரு வழக்கம். ஒண்ணு மங்கும்போது இன்னொண்ணு பிரகாசமா இருக்கும். (இதைப் படிச்சுட்டு சித்தப்பாகிட்ட பெருமையா சொன்னேன். "இது தெரியாதாக்கும்"னுட்டார்.)

இப்போ சித்தப்பாவோட கேள்வி. மெட்டல் ஹாலைடு விளக்குக்குள்ளே வாயு சூடாகி அழுத்தம் ஏறி எரிஞ்சுகிட்டிருக்கும். ஒரு நொடி கரண்ட் போய் அணைஞ்சா, அந்தச் சூடு ஆறி அழுத்தம் குறையற வரைக்கும் மறுபடி பத்தாது. கிரிக்கெட்ல ஒரு கம்பத்து லைட் போய் எல்லாரும் மைதானத்துல உட்கார்ந்து தண்ணி குடிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான். கிரிக்கெட்ல தண்ணி குடிக்கலாம். இங்கே அந்த நொடியில ஒருத்தன் பாலத்துக்கு மேல 83 மீட்டர் போயிருப்பான்.

அதனால "போனா எப்படிச் சரி பண்றது"ங்கிற கேள்வியையே விட்டுட்டு, போகவே கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. ஊர் கரண்ட்டை நம்பலை. இரட்டை இரட்டையா 12 ஜெனரேட்டர் ஜோடி, பாதை சுத்தி. ஜோடியில ரெண்டும் ஒரே நேரத்துல ஓடிகிட்டே இருக்கும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு கண் சிமிட்டாம மொத்த சுமையையும் தாங்கிக்கும்.

மத்ததெல்லாம் சில்லறை விஷயம். கொடி காட்டினா ராத்திரியில தெரியாதுன்னு விளக்குப் பலகை. ஹெல்மெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெள்ளை. டீம் ஆளுங்க எல்லாரும் சிங்கப்பூர் நேரத்துக்கே மாறாம ஐரோப்பிய நேரத்துலயே வாழ்ந்தாங்க. விடிகாலையில தூங்கி, மத்தியானம் எழுந்து காலை டிபன். ஓட்டல்காரன் பாடு திண்டாட்டம்.

எல்லாரும் பயந்தது மழைக்குத்தான். பயத்துக்குக் காரணமும் இருக்கு. கத்தார்ல லொசைல்ங்கிற இடத்துல மோட்டோ ஜிபி பைக் ரேஸ் 2008 மார்ச்சிலேயே விளக்குல நடந்துடுச்சு. பாலைவனம், மழையாவது கிழையாவதுன்னு இருந்தாங்க. அடுத்த வருஷமே, 2009 ஏப்ரல் 12, ரேஸ் ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கொட்டிடுச்சு. ஈரத் தரையில ஆயிரக்கணக்கான விளக்கு பிரதிபலிச்சா எது ரோடு எது தண்ணின்னு பைக்காரனுக்குத் தெரியாது. ரேஸை மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளி வச்சாங்க. பாலைவனத்துல மழையால ஒத்தி வச்ச ரேஸ்!

சிங்கப்பூர் அந்த விஷயத்துல கொடுத்து வச்ச ஊர். ரேஸ் நேரத்துல மழை முதல் தடவையா வந்தது 2017லதான். முதல் வளைவுக்குள்ளேயே வெட்டலும் ரைக்கோனனும் வெர்ஸ்டப்பனும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சு வெளியே போனது வேற கதை. 2022ல மழையால ஒரு மணி நேரத்துக்கு மேல தாமதம். அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. பகல்ல மழை விட்டா வெயில் அடிச்சு ரோடு காயும். ராத்திரியில காய வைக்க யார் இருக்கா? முப்பது லட்சம் வாட் விளக்கு போட்டாலும் சூரியன் ஆகாது. அன்னைக்கு ரெண்டு மணி நேர வரம்பு முடிஞ்சுபோய் 61 சுத்துல 59தான் ஓடினாங்க.

2008க்குத் திரும்புவோம். விளக்கு ஒண்ணுகூடச் சொதப்பலை. ஓட்டுநர்கள் புலம்பினதெல்லாம் ரோட்டுல இருந்த மேடு பள்ளத்தைப் பத்தித்தான். முதலிடத்துல கிளம்பினவர் ஃபெராரியோட ஃபெலிப்பே மாசா. 14ஆவது சுத்துல ரெனோவோட இளைய நெல்சன் பிக்கே 17ஆவது வளைவுல சுவத்துல மோதினார். சேஃப்டி கார் வந்தது. எல்லாரும் பெட்ரோல் போட ஓடினாங்க. ஃபெராரி அப்போ பலகை காட்டறதுக்குப் பதிலா சிக்னல் விளக்கு வச்சிருந்தது. கூட்டமா இருந்ததால தானா இயங்கறதை நிறுத்திட்டு ஒரு ஆள் கையால இயக்கினார். குழாய் கழட்டறதுக்கு முன்னாடியே பச்சை எரிஞ்சுடுச்சு. மாசா பெட்ரோல் குழாயையும் இழுத்துகிட்டே கிளம்பிட்டார். பிட் லேன் கடைசியில நிறுத்தி, பாவம், மெக்கானிக்குங்க குழாயைப் பிடுங்க ஓடி வந்ததை நீங்களும் பார்த்திருப்பீங்க. பதிமூணாவதா முடிச்சார். அந்த வருஷப் பட்டம் ஹாமில்டனுக்கு 98, மாசாவுக்கு 97. ஒரே ஒரு புள்ளி.

சுத்தி 1500 விளக்கு ஒழுங்கா எரிஞ்சது. பட்டம் போனது ஒரு சின்னப் பச்சை விளக்கால.

அதோட முடியலை. 15ஆவது இடத்திலிருந்து கிளம்பி, பிக்கே மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பெட்ரோல் போட்டுட்டு வந்த அதே ரெனோ டீமோட அலோன்சோ ஜெயிச்சார். "அதிர்ஷ்டக்காரன்"னு நானே சொன்னேன். 2009ல டீம் பிக்கேயை வெளியே அனுப்பின பிறகு அவர் வாயைத் திறந்தார். வேணும்னே மோதச் சொன்னாங்களாம். 17ஆவது வளைவைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், அங்கே காரைத் தூக்க கிரேன் இல்லை, சேஃப்டி கார் வந்தே ஆகணும். அந்த வருஷம் செப்டம்பர்ல விசாரணை நடந்து டீம் தலைவர் பிரியாட்டோரேவுக்குத் தடை விதிச்சாங்க. ரேஸ் முடிவு மட்டும் மாறலை. 2024ல மாசா லண்டன்ல வழக்குப் போட்டார், பட்டம் எனக்குச் சேர வேண்டியதுன்னு. அந்த மோதலை நிழல் விழாத வெளிச்சத்துல, அத்தனை கேமராவுல, நாங்க எல்லாரும் பார்த்தோம். ஒரு வருஷம் யாருக்கும் ஒண்ணும் தெரியலை.

2012ல அதே ஊர்ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் சுவத்துல இடிச்சு சேஃப்டி காரை வரவழைச்சார். அவர் ஓட்டின கார் அப்படி, விடுங்க.

ராத்திரி ரேஸ்ல ஆளுங்களும் ஒரு பிரச்னைன்னு 2023 லாஸ் வேகஸ் காட்டுச்சு. முதல் பயிற்சி தொடங்கி எட்டு நிமிஷத்துல ரோட்டு மூடி ஒண்ணு பெயர்ந்து சைன்ஸோட ஃபெராரியைக் கிழிச்சுடுச்சு. ரோடு முழுக்க மூடியைச் சரிபார்த்து அடுத்த பயிற்சி தொடங்கும்போது விடிகாலை ரெண்டரை. அதுக்குள்ள காவலுக்கும் உதவிக்கும் நின்ன ஆளுங்களோட வேலை நேரம் முடிஞ்சுபோச்சுன்னு ரசிகர்களை வெளியே அனுப்பிட்டாங்க. காசு கொடுத்தவன் வெளியே, கார் உள்ளே.

சென்னைக்கும் வந்துச்சே. தீவுத்திடல் சுத்தி ஃபார்முலா 4. 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல நடந்தது. அப்பவும் மழை, ரோட்டுக்கு எஃப்ஐஏ சான்றிதழ் வர்றதுக்குத் தாமதம், அதுக்காக ஐகோர்ட்ல நேரம் கேட்டு வாங்கினதுன்னு முதல் நாள் முழுக்க இழுபறி. கடைசியில விளக்கு எரிஞ்சது, கார் ஓடுச்சு.

சித்தப்பாவும் அன்னைக்கு என்கூட டிவியில பார்த்தார். இந்தத் தடவை கரண்ட் போனா என்னன்னு கேக்கலை. சிங்கப்பூர் 2023ல எல்.ஈ.டி.க்கு மாறிடுச்சுன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன். எல்.ஈ.டி. அணைஞ்சாலும் கரண்ட் வந்த உடனே எரிஞ்சுடும். அவரும் எப்பவோ மாறிட்டார். பழைய மெட்டல் ஹாலைடு ரெண்டு மட்டும் ஷெட்டுல கிடக்கு, எடைக்குப் போட மனசு வரலையாம்.

"ஜெனரேட்டர் எங்கே நிக்குது, காட்ட மாட்டேங்கறானே"ன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டார்.