மூக்குக்குப் போன இன்ஜின்

1950 ஜூனில் பிரிட்டனில் லிவர்பூலுக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஹெலிகாப்டர் பயணச் சேவை தொடங்கியது. ஓடியது சிகோர்ஸ்கி எஸ்-51. பயணிகள் மூன்று பேர்தான் ஏறலாம். மூன்று பேரை வைத்துக்கொண்டு யார் லாபம் பார்க்க முடியும்? மறு ஆண்டே சேவை நின்றது.

சிக்கல் இன்ஜின் இருந்த இடத்தில். எஸ்-51-இல் அது சுழலும் இறக்கைகளுக்கு நேர் கீழே, நடுவயிற்றில் இருந்தது. எவ்வளவு எடை கூடினாலும் குறைந்தாலும் சமநிலை கெடாத ஒரே இடம் அதுதான். அதை இன்ஜின் பிடித்துக்கொண்டதால் ஆட்கள் முன்னால் ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது. ஒருவர் இறங்கினாலே சமநிலை மாறும். பைலட் பாரக்கட்டிகளை நகர்த்திச் சரிசெய்வார்.

எஸ்-51-க்குப் பிறகு வந்த எஸ்-55-இல் சிகோர்ஸ்கி நிறுவனத்தின் ஆட்கள் துணிந்து ஒரு வேலை செய்தார்கள். 600 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி பிஸ்டன் இன்ஜினைத் தூக்கி மூக்கில் வைத்தார்கள், அதுவும் சாய்வாக. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு இரண்டு பைலட்டுகளின் இருக்கைகளுக்கும் நடுவே மேலேறி இறக்கைகளைச் சுழற்றியது. பைலட்டுகள் மாடியில் உட்கார்ந்ததுபோல் உயரத்துக்குப் போனார்கள். ஏற உடலின் பக்கவாட்டில் படிகள். நடுவயிறு முழுதும் காலி! பத்துப் பேர் உட்காரும் அறை கிடைத்தது. எரிபொருள் தரைக்கு அடியில் போயிற்று. மூக்கின் கதவுகளை இருபுறமும் விரித்தால் மெக்கானிக் தரையில் நின்றபடியே இன்ஜினில் கைவைக்கலாம். பழுதுபார்க்கிறவரையும் நினைத்துச் செய்த வடிவமைப்பு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

வேலை தொடங்கி ஓராண்டுக்குள், 1949 நவம்பர் 10 அன்று முதல் எஸ்-55 பறந்தது. கொரியப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்தது. 1952-இல் அதன் ராணுவ வடிவங்கள் இரண்டு, இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தன; ஹெலிகாப்டர்கள் அந்தக் கடலைப் பறந்து கடந்தது அதுவே முதல் முறை.

1953 ஜூலையில் நியூயார்க் ஏர்வேஸ் நிறுவனம் எஸ்-55-இல் விமான நிலையங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றத் தொடங்கியது. செப்டம்பரில் பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனம், பிரஸ்ஸல்ஸிலிருந்து நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி நகரங்களுக்கு எஸ்-55-ஐ ஓட்டியது. நாடு விட்டு நாடு போகும் ஹெலிகாப்டர் சேவை பிறந்தது அப்போதுதான்.

சிகோர்ஸ்கி என்றதும் எல்லோரும் 1939-இன் விஎஸ்-300 ஹெலிகாப்டரைத்தான் சொல்கிறார்கள். அதன் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு இடம் தந்தது எஸ்-55. இந்திய விமானப்படை 1954-இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட ஹெலிகாப்டரும் இதுதான்.