எக்ஸ்எம்எல்லுக்குள் நிரல்: திருப்பூர்க் கணக்குக் கோப்புகளை முன்வைத்து

நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று திருப்பூரில் ஒரே துணி பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு ஜாப் ஒர்க் சலான், அதன்பின் பில். இவற்றைத் தனி மென்பொருளில் பதிந்து, எக்ஸ்எம்எல் கோப்பாக்கி, டேலி கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றும் வழக்கம் பனியன் கம்பெனிகளில் உண்டு. பார்ட்டியின் பெயரில் ‘&’ இருந்துவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி ‘&’, ‘<’ இரண்டும் சாதாரண உள்ளடக்கத்தில் அப்படியே வரக்கூடாது; &#38;, &#60; போன்ற மாற்றுக்குறிகளாகவே வரவேண்டும்.

‘&’ஐ ‘அண்ட்’ என்று மாற்றிவிடுவது எளிய சமாளிப்பு. கோப்பு ஏறிவிடும், ஆனால் பெயர் பொருந்தாததால் லெட்ஜர் இல்லை என்ற பிழை வரும், அல்லது ஒரே பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர்கள் முளைக்கும். எக்ஸ்எம்எல்லுக்குள் எழுதும் நிரலில் இந்தச் சமாளிப்புக்கும் இடமில்லை. மைபாட்டிஸ் போன்ற கருவிகளில் தரவுத்தள வினவல்களை எக்ஸ்எம்எல் கோப்பிலேயே எழுதுகிறோம். ‘ஜிஎஸ்எம் < 180’ என்று எடை குறைந்த துணியைப் பிரித்தெடுக்கும் வரியில் ‘<’ஐ நீக்கினால் வினவலின் நிபந்தனையே செத்துப்போகும்.

மாற்றுக்குறி இடுவது கோப்பை எழுதும் நூலகத்தின் வேலை; நிரலாளர் கையால் செய்யும் வேலையாக அது இருக்கவே கூடாது என்பது என் வாதம். சரங்களை ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்கும் பழக்கத்தில்தான் பிழையின் வேர் இருக்கிறது. கையால் மாற்றுபவர் முதலில் ‘<’ஐயும் பிறகு ‘&’ஐயும் மாற்றினால், &#60; என்பது &#38;#60; ஆகிவிடும். படிக்கும் கருவி அதிலிருந்து ‘<’ஐத் திருப்பித் தராது; &#60; என்ற ஐந்து எழுத்துகளையே தரும். ஏற்கெனவே மாற்றிய கோப்பை மறுபடி மாற்றினாலும் இதே கதிதான்.

இக்குறிகளை அப்படியே எழுத அனுமதிக்கும் சிடேட்டா பகுதிக்குள் நிரலை அடைத்தால் போதும் என்பார்கள். படிக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ]]> என்ற தொடர் நிரலுக்குள் வந்தால் பகுதி அங்கேயே மூடிக்கொள்ளும், அந்தத் தொடரை உடைத்து இரண்டு பகுதிகளாக எழுத வேண்டும். விண்டோஸ் பாணி வரிமுடிவுகளைச் சிடேட்டாவும் காப்பதில்லை: படிக்கும்போது 13, 10 என்ற எழுத்தெண் இணை 10 மட்டும் ஆகிவிடும். பண்புக்கூறில் வைத்த நிரலின் நிலை இன்னும் மோசம். அங்கே வரிமுறிவுகள் வெற்றிடங்களாகிவிடும். ஒற்றை வரிக் குறிப்பு ஒன்று இருந்தால் அதன் பின்னுள்ள நிரல் முழுவதும் குறிப்பாகிவிடும்.

டேலியிலிருந்து வெளிவரும் கோப்புகள் இன்னொரு வரம்பைக் காட்டுகின்றன. அவற்றில் ‘பிரைமரி’ போன்ற சொற்களுக்கு முன் &#4; வரும். பார்வைக்கு முறையான மாற்றுக்குறி. ஆனால் 32க்குக் கீழுள்ள எழுத்தெண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றை மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0 ஏற்கிறது, 4ஐ எந்த வடிவிலும் ஏற்பதில்லை. ஆகவே விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கருவி கோப்பையே நிராகரிக்கிறது. 2004இல் வந்த எக்ஸ்எம்எல் 1.1 சுழியத்தைத் தவிர மற்றவற்றை மாற்றுக்குறியாக அனுமதித்தும், அது பரவலாகவில்லை.

இத்தகைய கோப்பைப் படிக்குமுன் &#4; என்ற தொடரை மட்டும் குறிவைத்து நீக்க வேண்டும். ‘&#’ எனத் தொடங்கும் எல்லாவற்றையும் துடைக்கும் அவசரத் திருத்தம், பார்ட்டி பெயரிலுள்ள &#38;ஐயும் வினவல் நிபந்தனையிலுள்ள &#60;ஐயும் சேர்த்தே அழித்துவிடும். அப்போது கோப்பு பிழையின்றி ஏறும். உள்ளே இருக்கும் பெயரும் நிபந்தனையும் தவறாக இருக்கும்.