மகளுக்குப் போட்ட நிலம்

மட்டக்களப்பில் வீடு என்றால் அது மகளின் வீடு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் பெற்றோருக்கு நித்திரை வரும். தாய்வழிச் சொத்துரிமையைச் சொல்லும் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாமற்போய் எவ்வளவோ காலம். ஆனால் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இன்றும் நிற்கவில்லை. பளிங்குச் சல்லியைச் சீமெந்தில் பதித்துத் தேய்க்கும் எங்கள் பகுதியின் டெரசோ நிலத்தைச் சீதனத்தோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

என் அப்பா கல்லடியில் மேசன். அவருடைய தாயின் வீட்டில் களிமண் நிலம். வெள்ளிக்கிழமைதோறும் சாணம் கரைத்து மெழுகுவார்கள். மாரியில் வாவி பெருகி வளவுக்குள் வந்தால் அந்த நிலம் கரைந்துவிடும். வசதியுள்ளவர்கள் சுண்ணாம்பு இடித்துத் தளம் போட்டார்கள். கல்குடாப் பக்கம் பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் அது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பிறகு கல்வீடு கட்டும் ஆசை சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்தது. முதலில் சிவப்புச் சீமெந்து நிலம், பிறகு டெரசோ.

வெனிஸ் நகர மாளிகைகளுக்குப் பளிங்கு வேலை செய்தவர்கள், மிஞ்சிய சில்லுகளைச் சுண்ணாம்பில் பதித்துத் தங்கள் வீட்டுத் தளங்களுக்குப் பரப்பியதில் தொடங்கிய தொழில் இது என்பார்கள். சுண்ணாம்பின் இடத்தைச் சீமெந்து பிடித்ததும், தேய்க்கும் வேலைக்கு மின்சார இயந்திரம் வந்ததும் இதை உலகமெங்கும் கொண்டுபோயின. எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது, உள்ளூர்ச் சீமெந்தையும் மாத்தளைப் பக்கத்துப் பளிங்குக் கல்லின் சல்லியையும் வைத்தே இந்த நிலத்தைப் போட முடிந்தது.

1973இல் எனக்கென்று கட்டிய வீட்டின் மண்டபத்துக்கும் விறாந்தைக்கும் அப்பா டெரசோ போட்டார். கொங்கிறீட் தளத்தின்மேல் மணற்சாந்து பரப்பி, கண்ணாடிக் கீலங்களை நூல் பிடித்து நிறுத்திச் சதுரங்களாகப் பிரித்தார். பிரிக்காவிட்டால் சீமெந்து காய்ந்து சுருங்கும்போது வெடிப்பு நினைத்த பக்கமெல்லாம் ஓடும். சதுரங்களுக்குள் சல்லி கலந்த சீமெந்தை அரை அங்குலக் கனத்தில் நிரப்பினார். அதன்மேலும் கைநிறையச் சல்லி தூவி, உருளையால் அழுத்தினார். “சீமெந்து தேயும், கல்லுத் தேயாது பிள்ளை. கல்லு நெருக்கமாக் கிடந்தாத்தான் நிலம் நிக்கும்” என்றார்.

ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வைத்தோம். பிறகு தேய்ப்பு. நடுவில் வாடகை இயந்திரம் ஓடியது. மூலைகளுக்கு அப்பா காபொறண்டம் கல்லைக் கையில் பிடித்து, குந்தியிருந்து தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளைக் குழம்பு ஓடி, சாம்பல் சீமெந்துக்குள்ளிருந்து ஒவ்வொரு கல்லாக முகம் காட்டியது. தெரிந்த ஊசித்துளைகளைச் சீமெந்துப் பசையால் அடைத்து, அது இறுகியபின் மென்மையான கல்லால் மறுபடி தேய்த்து, கடைசியில் மெழுகு பூசினார். கூலிக்குப் போன வீடுகளிலும் அவர் இதே பொறுமையோடுதான் செய்வார். ஆனால் என் வீட்டு மூலைகளில் விரலை ஓட்டினால் ஒரு நெருடல்கூட இல்லை.

1978 நவம்பர் 23 சூறாவளி கூரையைக் கொண்டுபோனது, நிலம் கிடந்தது. 2011 வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவிவிட்டோம், அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் டச்பாரிலும் சுவர்கள் இல்லாத இடங்களில் மணலுக்குள் வீட்டு நிலங்கள் மட்டும் தெரிந்தன. எந்த நிலம் எந்த மகளின் வீடு என்று அயலவர்கள் அதைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

வாவியின் அக்கரைக்கு இப்படி ஒரு நிலம் போடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1990க்குப் பிறகு போரினால் படுவான்கரைக்குச் சீமெந்து கொண்டுபோகத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. கல்வீட்டுக் கனவோடு இருந்த பெற்றோர் மண்சுவரும் கிடுகுமாகவே மகளை வாழவைத்தார்கள். 2007க்குப் பிறகு அங்கே கட்டத் தொடங்கியபோது கடைகளில் மாபிள் நிறைந்திருந்தது. டெரசோ போடாமலே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

இப்போது எழுவான்கரையிலும் டெரசோ நிலங்களை உடைத்து மாபிள் பதிக்கிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. மேற்பரப்பு மங்கியிருப்பதால் பழசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மங்கியது மேலே ஒரு மெல்லிய படை மட்டுமே. கீழே அதே கல் அப்படியே இருக்கிறது. தேய்த்தால் நிறம் திரும்பும். என் வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்தபோது அந்த மண்டபத்தை அப்படித் தேய்ப்பித்துத்தான் கொடுத்தேன். அதற்கு ஆள் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. தெரிந்த மேசன்மார் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் இளையவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மகளுக்கு வீடு திருத்தும் பெற்றோரும், உடைக்க முதல் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.